கட்டிலில் கிடந்து புரட்டிய சொற்கள்

மெர்டேக்கா வருகிறது, நாடு விடுதலையாகப் போகிறது என்று மலாக்கா ஊரே எழுந்து நின்றுகொண்டிருந்த மாதங்களில் என் மனைவி படுத்தே கிடந்தாள். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கியிருந்தோம். தலை தாழ்ந்து, கால் உயர்ந்து இருக்க வேண்டும். எழுந்திருக்கக் கூடாது, உட்காரக் கூடாது, குளியலறைக்குக்கூட நடக்கக் கூடாது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா அப்படித்தான் சொல்லியிருந்தார். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. இதுவும் போனால் இன்னொன்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று அவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். நான் அதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. என் முகத்தைப் படிப்பது அவளுக்குப் பெரிய வேலை இல்லை.

காஜா பேராங்கில் செட்டிகளின் கம்போங்கில், அவர்களுடைய குடியிருப்பில், எங்கள் வீடு. வட்டிக்கடைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. பல தலைமுறைக்கு முன்பே கப்பலில் வந்து, இந்த மண்ணிலேயே பெண்ணெடுத்து, பேச்சில் தமிழை விட்டுவிட்டு மலாய்க்கு மாறியவர்கள். மாரியம்மனை மட்டும் விடவில்லை. நானோ ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். பண்டார் ஹிலிரில் அரசாங்க ஆபீஸில் கிராணி வேலை கிடைத்து ஊருக்கு வந்தேன். இந்தக் கம்போங்கில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். வீட்டுக்காரரின் அண்ணன் மகளைப் பார்த்தேன். அப்புறம் அறையைக் காலி செய்ய வேண்டிய அவசியம் வரவில்லை.

அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த மலாய், கடைத்தெருவில் மீனுக்குப் பேரம் பேசப் போதும், மனைவியோடு சண்டை போடப் போதாது. அதனால் முதல் வருஷம் நாங்கள் சண்டையே போடவில்லை. இங்கே அவள் பேசியதாக நான் எழுதுவதெல்லாம் அவளுடைய மலாய்தான். தமிழில் எழுதும்போது அந்தக் குழைவில் பாதி போய்விடுகிறது. எனக்கு அது வருத்தம்தான்.

கான்வென்டில் ஏழாவது வரை படித்தவள் அவள். மழை நாளில் வெளியே விளையாட முடியாதபோது கன்னியாஸ்திரிகள் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுக் கொடுப்பார்களாம். ஓர் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கலைத்து, ஒன்றுகூட மிச்சம் வைக்காமல், வேறொரு சொல் செய்ய வேண்டும். இவள் அதற்கு வைத்த பெயர் பூசிங். மலாயில் சுற்றுவது, திருப்புவது. மாலையில் சைக்கிள் எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவதற்கும் நாங்கள் பூசிங் என்றுதான் சொல்வோம். படுத்தவளுக்கு ஊரைச் சுற்ற வழியில்லை என்று ஆனபின் எழுத்துகளைச் சுற்றத் தொடங்கினாள்.

சிகரெட் அட்டைகளைச் சதுரமாக வெட்டி எழுத்துகளை எழுதிக் கொடுத்தேன். பித்தளைத் தாம்பாளத்தை வயிற்றுக்குக் கீழே தொடைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு அடுக்குவாள். மகா கடலுக்கான ‘ஓஷன்’ கலைந்து ‘கனூ’ ஆகும். கடலைக் கலைத்தால் உள்ளே ஒரு படகு. ரொட்டிக்கான ‘பிரெட்’ கலைந்து தாடிக்கான ‘பியர்ட்’ ஆகும். ‘டீச்ச’ரைக் கலைத்து ‘சீட்டர்’ என்ற ஏமாற்றுக்காரனைக் கண்டுபிடித்த அன்று அவள் சிரித்த சிரிப்பில் நான் பயந்துபோனேன். குலுங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

“கிராணிக்கு என்ன வரும்?” என்று கேட்டேன். ‘கிளர்க்’ என்ற ஐந்து எழுத்தை ஒரு மத்தியானம் முழுக்கப் புரட்டிவிட்டு, ஒன்றும் வராது என்றாள். எனக்கு மனது சுருங்கிப்போனது. ஆறுதலுக்கு ஒன்று தருகிறேன் என்று ‘லைஃப்’ என்ற நான்கு அட்டைகளை அடுக்கினாள். வாழ்க்கை. பிறகு விரலால் இரண்டைத் தள்ளினாள். ‘ஃபைல்’.

“இதுதான் அபாங்குக்கு,” என்றாள். அபாங் என்று என்னைத்தான் கூப்பிடுவாள்.

அகராதி ஒன்று எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கார அதிகாரிகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். வாரம் ஒரு பங்களாவில் லேலாங் நடக்கும். மேசை, கண்ணாடி அலமாரி, ஐஸ் பெட்டி எல்லாம் ஏலத்தில் போகும். நான் ஒரு பிரம்பு நாற்காலி எடுத்தேன். அதன்மேல் யாரும் சீண்டாத ஒரு ஆங்கில அகராதி கிடந்தது. அட்டை போய், தென்னை வேர் மாதிரி நூல் தொங்கிக்கொண்டு, தூக்கினால் கை வலிக்கும் அளவுக்குக் கனம். நாற்காலியோடு அதையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் பூர்வீகமே போட்டிருக்கும். எங்கே பிறந்தது, ஆயிரம் வருஷத்துக்கு முன் என்ன பொருள், இப்போது உயிரோடு இருக்கிறதா செத்துப்போனதா என்பது வரைக்கும் இருக்கும்.

இந்த நேரத்தில்தான் என் அம்மா வந்தாள்.

தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து, கையில் ஒரு துணிமூட்டையும் முருங்கைக்கீரைக் கட்டுமாக வந்து இறங்கினாள். மருமகளுக்கு உதவிக்கு வந்தவள்தான். ஆனால் கட்டிலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னாடா இது? பொணத்தக்கூட இப்படித் தலகீழாப் போட மாட்டாங்க.”

நான் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “புள்ளத்தாச்சி நடக்கணும், வேல செய்யணும். உன்ன வயித்துல வச்சிக்கிட்டு மரம் சீவப் போனவ நான். நிரையில நிக்கிறப்பதான் வலி கண்டுச்சி. சும்மா படுத்துக் கெடந்தா புள்ள எப்படிப் பொறக்கும், சோம்பேறியாத்தான் பொறக்கும்.” நிரை என்றால் தோட்டத்தில் ஆளுக்கு ஒதுக்கிய ரப்பர் மர வரிசை. அம்மாவின் ஆயுள் முழுதும் அங்கேதான் போயிருந்தது.

மருமகளுக்குத் தமிழ் புரியாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அது அசட்டுத்தனம். ‘சும்மா’ என்ற சொல் மலாயிலும் அப்படியேதான் இருக்கிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கம்போங்கே அம்மாவுக்குப் பிடிபடவில்லை. பெண்கள் கெபாயா சட்டையும் சாரோங்குமாக நடமாடினார்கள். நெற்றியில் திருநீறு இருந்தது. வாயைத் திறந்தால் மலாய் வந்தது. “இவங்கள எந்தக் கணக்குலடா சேக்குறது?” என்று என்னைக் கேட்பாள். எல்லாம் சேர்ந்து அவள் மனதில் ஒரு சந்தேகத்தைப் போட்டிருக்க வேண்டும். நான் ஆபீஸ் போன ஒரு காலையில், தாம்பாளத்தில் அட்டைகள் நகர்வதையும், மருமகள் அவற்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தாள். போமோ எழுதிக் கொடுத்த மந்திர அட்டை என்றே முடிவுகட்டிவிட்டாள். மலாய் மந்திரவாதியைக் கொண்டு செய்வினை வைத்துத்தான் தன் மகனை இந்தக் குடும்பத்தில் பிடித்துப் போட்டார்கள் என்ற எண்ணம் அவளுக்குக் கல்யாணத்தன்றிலிருந்தே உண்டு. தாம்பாளத்தை வெடுக்கென்று பிடுங்கி, வாசலில் லோங்காங்கில், அந்தச் சாக்கடைத் தண்ணீரில், மொத்தத்தையும் கொட்டிவிட்டாள்.

மாலை நான் வந்தபோது என் மனைவி சொன்னாள். கோபத்தில் ஒரு கால் கட்டிலை விட்டுக் கீழே வந்துவிட்டதாம். பாதம் பலகைத் தரையைத் தொட்டதாம். தரை சில்லென்று இருந்ததாம். எத்தனையோ வாரமாகத் தொடாத தரை. அந்தக் குளிர்ச்சியில் அப்படியே எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்ததாம்.

“அப்புறம்?”

“காலை எடுத்து மறுபடி மேலே வச்சிட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். நான் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மெலிந்து, வெளுத்து, செங்கல்களுக்கு மேலே உயர்ந்திருந்த கால். ஆபீஸில் என்னை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அன்று சோறு இறங்காது எனக்கு. இவள் காலை எடுத்து மறுபடி மேலே வைத்திருக்கிறாள். நான் யாரோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று எனக்கே வியப்பாக இருந்தது.

வேறு அட்டை வெட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம், மாக் மறுபடி பயப்படுவார்கள் என்றாள். மாக் என்றால் அம்மா. “நீங்க ஒரு சொல் மட்டும் சொல்லுங்க. நான் உள்ளேயே புரட்டிக்கிறேன்.”

அப்படித்தான் அது தொடங்கியது. காலையில் புறப்படும்போது ஒரு சொல் கொடுப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள்ளேயே எழுத்துகளைக் கலைத்து அடுக்குவாள். காகிதமும் இல்லை, அட்டையும் இல்லை. உதடு மட்டும் லேசாக அசையும். மாலை நான் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டதும் உள்ளிருந்தே விடையைச் சொல்வாள். ஆறு எழுத்து, ஏழு எழுத்தெல்லாம் புரட்டினாள். எனக்குக் கண்ணெதிரே எழுதிவைத்துக்கொண்டு பார்த்தாலும் மூன்றாவது திருப்பலில் எழுத்துகள் நழுவிவிடும். நாலு சுவருக்குள் தலைகீழாகக் கிடக்கிற ஒருத்தியின் நெற்றிக்குப் பின்னால் இவ்வளவு இடம் இருக்கிறதே என்று மலைத்துப்போவேன்.

இதை அம்மா எப்படிப் புரிந்துகொண்டாள் தெரியுமா? கண்ணை மூடி, உதட்டை அசைத்து, மணிக்கணக்காக அசையாமல் ஒரு பெண் கிடந்தால் அதற்கு அம்மாவின் அகராதியில் ஒரே பொருள்தான். ஜபம். செய்வினைக்காரி ஒரே வாரத்தில் அம்பாளின் பக்தை ஆகிவிட்டாள். காலையில் விளக்கேற்றிக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். குழாயடியில் தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில் கம்போங் பெண்களிடம் பெருமை அடித்தாள். பக்கத்து வீட்டில் ரேடியோ சத்தம் கேட்டால் நேரே போய் நின்று, “டியாம், டியாம், சாமி கும்பிடுறா,” என்று அடக்கிவிட்டு வருவாள். ஜாலான் பெண்டஹாரா வரை நடந்துபோய் மல்லிகைப்பூ வாங்கி வந்து மருமகளின் தலையணைமேல் வைத்த நாளில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மனைவியைக் கேட்டேன். “எதுக்கு? வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க,” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “ஜபம் இல்லைன்னு எனக்கே நிச்சயமாத் தெரியல,” என்றாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லுக்குப் பஞ்சம் வந்து, ‘டீர்’ என்று கொடுத்தேன். மான். மிகச் சுலபமான சொல். கொடுத்த வாயை மூடுவதற்குள் ‘ரீட்’ என்றாள். நாணல். நாணலுக்குள் ஒளிந்த மான். சரி, முடிந்தது என்று நான் நகர்ந்தேன். அவள் விடவில்லை.

“இன்னொண்ணு இருக்கிற மாதிரி இருக்கு. டி, ஆர், இ, இ. அப்படி ஒரு சொல் உண்டா?”

“கிடையாது. மரத்துக்கான சொல்லின் முதல் எழுத்தைத் தப்பாக எழுதினால்தான் அப்படி வரும்,” என்றேன். ஆங்கிலக் கடிதத்தைத் தினமும் ஃபைலில் கோக்கிறவன் என்ற மிடுக்கு எனக்கு.

“பாத்துட்டுச் சொல்லுங்க.”

அகராதியைத் தூக்கி மடியில் வைத்துப் புரட்டினேன். இருந்தது. ‘டிரீ’. பழஞ்சொல், பேச்சில் இப்போது வழக்கில்லை, வடக்கே சில இடங்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது என்று போட்டிருந்தது. பொருளை உரக்கப் படித்தேன். தாங்குதல். துன்பத்தை அதன் கடைசி வரை அனுபவித்துத் தீர்த்தல். இன்னொரு பொருள், நீண்டது, இழுத்துக்கொண்டே போவது, முடியாதது. அவள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அதன் கீழே சிறிய எழுத்தில் பூர்வீகம் இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்த மக்கள் அந்தச் சொல்லை இன்னொரு பொருளிலும் சொல்லியிருக்கிறார்கள். செய்தல். ஒரு வேலையை எடுத்து நடத்துதல்.

“செய்யிறதா?” என்றாள்.

“ஆமாம். செய்வது.”

“தாங்குறதும் அதே சொல்லா?”

“அதே சொல்.”

“இன்னொரு தடவை படிங்க.”

மறுபடி படித்தேன். எத்தனையோ வாரமாக அந்த வீட்டில் காற்றில் நின்றுகொண்டிருந்த சண்டை அது. அம்மா வாய்விட்டுச் சொன்னது, கம்போங்கில் சிலர் சொல்லாமல் நினைத்தது, நானே ஈரத்துணியைக் கொடியில் போடும்போது ஓரிரு முறை நினைத்தது. இவள் ஒன்றும் செய்யாமல் கிடக்கிறாள். எங்கோ குளிர்தேசத்தில், புகை மண்டிய குடிசையில், யாரோ ஒருவர், ஆணோ பெண்ணோ, தாங்குவதும் ஒரு செயல்தான் என்று அறிந்து இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறார். அந்தச் சொல்லை அவர்களுடைய பேரப்பிள்ளைகளே கைவிட்டுவிட்டார்கள். அது கப்பலேறி வந்து, லேலாங்கில் யாரும் கேட்காமல் கிடந்து, காஜா பேராங்கில் ஒரு கட்டிலில் கிடக்கிறவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதுவும் நான் காட்டி அல்ல. இருட்டுக்குள் கையை விட்டுத் தேடி எடுத்தவள் அவள்.

அவள் கண் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. தலை தாழ்ந்து கிடப்பவர்களுக்குக் கண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் போகும். அன்றுதான் எனக்கு அது தெரிந்தது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே வாசற்படியில் நின்றிருந்தாள். “என்னாடா, எதுக்கு அழுவுறா? சாமி எதாச்சும் சொல்லுச்சா?”

ஜபம் இல்லையம்மா என்று தொடங்கினேன். பிறகு அந்த வழியில் போகாமல், நேராகச் சொல்லைச் சொன்னேன். பழைய காலத்து வெள்ளைக்காரர்களிடம் ஒரு சொல் இருந்தது, வேலை செய்வதற்கும் வலியைத் தாங்குவதற்கும் அவர்களுக்கு ஒரே சொல்தான் என்றேன்.

அம்மா கையில் கீரைக் காம்போடு நின்றாள். “வெள்ளக்காரனுக்கு யார்றா சொன்னா அத?” என்றாள். கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலக் கேட்டாள்.

அம்மா மெல்ல உள்ளே வந்தாள். கட்டிலின் கால்மாட்டில், செங்கல் பக்கமாக, தரையில் உட்கார்ந்தாள்.

“உனக்கு முன்ன ரெண்டு போச்சுடா எனக்கு,” என்றாள். “ரெண்டும் நிரையிலதான் போச்சு. மொத தடவ ரத்தம் பட்டப்ப, ஒரு நாளு படுத்துக்கறேன்னு கங்காணிகிட்டக் கேட்டேன். பேரு போயிரும், கூலி கெடையாதுன்னான். ரெண்டாந்தடவ கேக்கவே இல்ல. மரத்தடியில கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன். அப்பறம் பால் வாளியத் தூக்கிக்கிட்டு ஸ்டோருக்கு நடந்தேன்.”

நான் அவளுடைய ஒரே பிள்ளை. எனக்கு முன்னால் இருவர் இருந்தார்கள் என்று அன்று வரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“எனக்கு யாருமே படுன்னு சொல்லலடா.”

என் மனைவிக்குச் சொற்கள் புரியவில்லை. என்னிடம் என்னவென்றும் கேட்கவில்லை. கட்டிலிலிருந்து கையைக் கீழே தொங்கவிட்டாள். அம்மாவின் தோள் எட்டவில்லை. அம்மாதான் நகர்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னை யாரும் அங்கே வேண்டவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததை இறக்கப் போனேன்.

அன்றிலிருந்து கட்டிலின் காவல் அம்மா கைக்குப் போனது. மெர்டேக்கா கொண்டாட்டத்துக்கு கம்போங்கே திடலுக்குப் போன நாளில், “நீ போய்ப் பாத்துட்டு வா, இவளும் நானும் இருக்கோம்,” என்று என்னை விரட்டினாள். போனேன். கூட்டம், கொடி, பாண்டு வாத்தியம், கண்ணீர் விட்டுக்கொண்டே சிரித்த முகங்கள், எல்லாவற்றையும் பார்த்தேன். பெரிய நாள்தான். ஆனால் திரும்பி வந்து, தலை தாழ்ந்து கிடந்தவள் அசையாமல் கண் திறந்து என்னைப் பார்த்தபோது, இன்றைக்கும் அது அவள் வயிற்றில் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அதற்குக் கொடி பிடிக்க யாரும் இல்லை.

மாதம் நிறைந்து, ஒரு முற்பகலில் வலி கண்டது. அம்மா பக்கத்து வீட்டு லாரியை நிறுத்தி, பாயோடு சேர்த்துத் தூக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். எனக்கு ஆபீஸுக்குச் செய்தி வந்து ஓடியபோது வராந்தாவில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார் என்றேன். உட்காரவில்லை. சாயங்காலம் தாதி வந்து பெண் குழந்தை என்று சொல்லும் வரை நின்றுகொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து அழுகுரல் கேட்டது. கோபக்காரக் குரல். இத்தனை மாதம் தலைகீழாக வைத்திருந்ததற்கு நியாயம் கேட்கிற மாதிரி இருந்தது. ஒரு பெண் அசையாமல் கிடந்து செய்து முடித்த வேலையின் சத்தம் அது. அதைவிடப் பெரிய ஒன்றை நான் இந்த ஆயுளில் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று கட்டிலின் செங்கல்களை எடுத்துக் கட்டிலைச் சமமாகப் போட்டேன். இத்தனை மாதம் கிடந்த கால்கள் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. இரண்டு அடி வைப்பதற்குள் மடங்கின. அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்கிக் கொண்டுவந்து படுக்க வைத்தோம். குழந்தை சுவரோரம் கிடந்தது. அம்மா வெந்நீர் போட எழுந்தாள். என் மனைவி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். குழந்தையை ஒட்டித் தானும் நகர்ந்து, ஒரு ஆள் கிடக்கும் அளவுக்குக் கட்டிலில் இடம் விட்டாள். பிறகு தனக்குத் தெரிந்த ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைச் சொன்னாள். அவள் அதை எங்கே பிடித்துவைத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை.

“படு,” என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். வெளியே உச்சி வெயில். அடுப்பு காய்ந்துகொண்டிருந்தது, கொடியில் துணி, தொட்டியில் பாத்திரம். பகல் நேரத்தில் என் அம்மா படுத்து நான் பார்த்ததே கிடையாது, காய்ச்சலில்கூட. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் காலை மேலே தூக்கி வைத்து, மருமகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தாள். சிறிது நேரத்தில் குறட்டை கேட்டது.

வாசலில் யாரோ குழந்தை பார்க்க வந்து குரல் கொடுத்தார்கள். நான் வெளியே போய், மூன்று பேரும் தூங்குகிறார்கள், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.